எண்பது சவுண்ட் ஃபைல்களையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு மொபைல் கேமுக்கு எண்பது சவுண்டுகள் செய்து முடித்தாயிற்று. காலடிச் சத்தம், பட்டன் க்ளிக், வாள் மோதல், மழை லூப், குகைக்குள் வீசும் காற்று, நாலைந்து பாத்திரங்களின் வசனத் துண்டுகள். எக்ஸ்போர்ட் செய்து கேட்டால் ஒன்று கத்துகிறது, ஒன்று முனகுகிறது. சரி என்று எல்லாவற்றையும் செலக்ட் செய்து -1 டிபிக்கு (டெசிபல், டிஜிட்டலில் 0தான் உச்சம்) நார்மலைஸ் அடித்தீர்கள், அதாவது ஒவ்வொன்றையும் அதே உயரத்துக்குக் கொண்டுவந்தீர்கள். இப்போது புல்லில் மெல்ல நடப்பது யானை நடப்பதுபோல் இருக்கிறது. பட்டன் க்ளிக்கோ மழையில் காணாமல் போகிறது. எங்கே தப்பு?

நார்மலைஸ் செய்ததில் தப்பில்லை. எண்பதையும் தனித்தனியாகச் செய்ததுதான் தப்பு. பழைய எக்ஸ்போர்ட் பத்திரமாக இருந்தால் அதற்கே திரும்பிவிடுங்கள். அதன்மேல் எழுதிவிட்டீர்கள் என்றால் ப்ராஜெக்ட்டிலிருந்து மறுபடி ரெண்டர் செய்வது (ஃபைலாக எழுதுவது) நல்லது. எந்த ஃபைல் எத்தனை டிபி ஏறியது என்ற கணக்கு உங்களிடம் இருக்காது, அந்தக் கணக்கில்லாமல் பழைய உறவைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பீக் நார்மலைஸ் செய்யும் வேலை மிகவும் எளிமையானது. ஃபைல் முழுவதையும் துழாவி, ஆக உயரமான ஒரே ஒரு சாம்பிளை (ஒரு கணத்து ஒலி அளவு), அதாவது பீக்கை, பிடிக்கும். அது -19இல் இருந்து நீங்கள் -1 கேட்டிருந்தால், ஃபைல் மொத்தத்தையும் 18 டிபி ஏற்றும். அந்தச் சாம்பிள் நிஜக் காலடியா, மைக்கில் உரசிய சட்டையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கூடவே -70இல் தூங்கிக்கொண்டிருந்த அறை இரைச்சலும் அதே 18 டிபி ஏறி -52க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடிக்கு அடி 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு கேட்கிறதே, அது இதுதான்.

காது வேறு கணக்குப் போடுகிறது. ஒரு சத்தம் எவ்வளவு பலமானது என்று தீர்மானிக்க அதற்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி தேவைப்படுகிறது. அதைவிடக் குட்டையான சத்தம் அதே உயரத்துக்குப் பீக் வைத்திருந்தாலும் நீளமான சத்தத்தைவிடச் சன்னமாகத்தான் படும். 30 மில்லி விநாடி க்ளிக்கையும் விடாமல் கொட்டும் மழையையும் ஒரே -1இல் நிறுத்தினால், மழை க்ளிக்கை விழுங்கத்தான் செய்யும். மீட்டரில் இரண்டும் சமம், காதில் பத்து டிபிக்கு மேலேயே வித்தியாசம் இருக்கலாம்.

'அப்படியானால் எல்யூஎஃப்எஸ் வைத்துச் செய்யலாமே' என்று அடுத்து கேட்பீர்கள். காதுக்குப் படும் பலத்தை (லவுட்னஸ்) அளக்கும் அலகு அது. பாதி சரி. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியூ) வெளியிட்ட பிஎஸ்.1770 பரிந்துரைதான் இந்த அளவைக்கு அடிப்படை. காதுக்கு எது பலமாகப் படும் என்பதை ஒட்டி, கீழ் அதிர்வெண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து, மேலே இருப்பவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்து, பிறகு சராசரி எடுக்கிறது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்128 பரிந்துரையில் -23 எல்யூஎஃப்எஸ் என்று இலக்கு வைத்தது. விளம்பரம் வந்ததும் டிவி ரிமோட்டைத் தேடி ஓடும் எரிச்சலுக்கு மருந்தாக வந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் இதற்கென்று சட்டமே போட்டு 2012 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கவனியுங்கள், இது அரைமணி நேர நிகழ்ச்சியை அளக்கப் பிறந்த கோல். 400 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் அளக்கும். உங்கள் க்ளிக் 100 மில்லி விநாடிதான் என்றால், அதன் சக்தி நாலு மடங்கு நீளமான ஜன்னலில் பரவி, அளவு 6 டிபி குறைத்துக் காட்டும். முன்னும் பின்னும் எவ்வளவு அமைதி விட்டு வெட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். சில மென்பொருளில் அவ்வளவு குட்டையான ஃபைலுக்கு எண்ணே வராது. க்ளிக், தட்டல், காலடி மாதிரியானவற்றை இன்டகிரேட்டட் எல்யூஎஃப்எஸ் (ஃபைல் முழுவதற்குமான சராசரி) வைத்து வரிசையாக நார்மலைஸ் செய்தால், பீக் வைத்துச் செய்ததைவிட விநோதமான முடிவுதான் கிடைக்கும். மழை, காற்று, வசனம், இசை என்று சில விநாடியாவது ஓடுவதற்கு அந்த அளவை அருமையாக வேலை செய்யும்.

எந்த மீட்டர் என்பதைவிட முக்கியமான கேள்வி, எந்தெந்த ஃபைலுக்கு ஒரே கெய்ன் (ஏற்றும் அல்லது இறக்கும் டிபி) போடவேண்டும் என்பது. பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்த 2001இல் வந்த ரீப்ளேகெய்ன் முறையில் இதற்கு அழகான விடை இருக்கிறது. அதில் ட்ராக் கெய்ன், ஆல்பம் கெய்ன் என்று இரண்டு உண்டு. பலருடைய பாட்டுகளைக் கலந்துபோட்டுக் கேட்டால் ட்ராக் கெய்ன், ஒவ்வொன்றும் தனியாகச் சமப்படும். ஒரே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டால் ஆல்பம் கெய்ன், மொத்தத்துக்கும் ஒரே எண். குத்துப்பாட்டுக்கு அடுத்து வரும் தாலாட்டு தாலாட்டாகவே இருக்கும். தம்பூராவை நாதஸ்வரத்தின் அளவுக்கு ஏற்றினால் அது தம்பூராவாக இருக்காது, இல்லையா? உங்கள் எண்பது ஃபைல்களும் பத்துப் பன்னிரண்டு ஆல்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இவற்றைக் குடும்பம் என்று சொல்வேன். புல் காலடி எட்டு ஒரு குடும்பம். சிமெண்ட் காலடி எட்டு இன்னொன்று. பட்டன் சத்தங்கள் ஒன்று. வாள் வீச்சு, உலோக மோதல், அதன் வால் என மூன்று லேயராகப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த மூன்றும் கட்டாயம் ஒரே குடும்பம். அவற்றைத் தனித்தனியாக நார்மலைஸ் செய்தால், கேமுக்குள் சேர்ந்து ஒலிக்கும்போது நீங்கள் செய்த வாள் சத்தம் இருக்காது, வேறு யாரோ செய்தது இருக்கும். இசையை ஸ்டெம்களாக (வாத்தியவாரியாகப் பிரித்த ஃபைல்களாக) கொடுக்கும்போதும் இதே கதை.

குடும்பத்துக்குள் விதி ஒன்றுதான்: ஆக உரத்த ஃபைலை இலக்குக்குக் கொண்டுவர எத்தனை டிபி தேவையோ, அதே டிபி எல்லோருக்கும். காலடியில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் சொல்கிறேன். மனிதர் நடக்கும்போது இடதும் வலதும் ஒரே பலத்தில் விழுவதில்லை. குதிகால் அழுந்தும் அடி ஒன்று, நுனியில் தொட்டுப் போகும் அடி ஒன்று. எட்டு வகை பதிவு செய்து கேம் அதை மாற்றி மாற்றி எடுக்கும்போது அந்த இரண்டு மூன்று டிபி வித்தியாசம்தான் நடையை நடையாக்குகிறது. எட்டையும் ஒரே பீக்குக்குக் கொண்டுவந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். அதே சமயம் எட்டில் ஒன்று மட்டும் 7 டிபி துருத்திக்கொண்டு நின்றால் அது உயிரோட்டம் இல்லை, பிழை. அதை மட்டும் முதலில் கையால் இறக்கி, பிறகு குடும்பக் கெய்ன் போடுங்கள். என் கணக்கில் காலடிக்கு 3, 4 டிபி வரை விடலாம். பட்டன் சத்தத்துக்கு அதுவும் அதிகம்.

வசனம் இதில் விதிவிலக்கு. மூன்று நாளில், மைக்குக்கு முன் வெவ்வேறு தூரத்தில் நின்று பேசியவற்றின் லெவல் வித்தியாசத்தில் கலை எதுவும் கிடையாது, வெறும் விபத்து. அங்கே ஒவ்வொரு ஃபைலையும் தனியாக லவுட்னஸ் வைத்துச் சமப்படுத்துவதுதான் சரி. ஆனால் கத்தலையும் கிசுகிசுப்பையும் முதலில் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். 'ஓடு!' என்று அலறுவதும் 'யாரோ வர்றாங்க' என்று முணுமுணுப்பதும் ஒரே -23க்கு வந்தால் நடிகர் கொட்டிய உழைப்பு வீண். சாதாரணப் பேச்சு ஓர் இலக்கு, கத்தல் அதைவிடக் கொஞ்சம் மேலே, கிசுகிசுப்பு கொஞ்சம் கீழே. எத்தனை கீழே என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். ஒரு விநாடிக்கும் குறைவான 'ஆ', 'ம்ம்' போன்ற துண்டுகளை மீட்டரிடம் விடாதீர்கள், பக்கத்து வசனத்தோடு ஒப்பிட்டுக் கையாலேயே வையுங்கள்.

குடும்பங்களுக்கு இடையே லெவல் வைப்பது எப்படி? இதற்கு எந்தப் பட்டனும் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு ஃபைலை அளவுகோலாகத் தேர்ந்தெடுங்கள். பேச்சு இருக்கும் கேம் என்றால் சாதாரணப் பேச்சு வசனம்தான் சிறந்த அளவுகோல், மனிதக் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்பீக்கர் குமிழைப் பேச்சு இயல்பாகக் கேட்கும் இடத்தில் வைத்து, ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை தொடக்கூடாது. பிறகு வசனம், காலடி, வசனம், மழை, வசனம், க்ளிக் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் மொத்தமாக ஏற்றி இறக்குங்கள். எண்பது ஃபைலாக இருந்தது இப்போது பன்னிரண்டு முடிவுகளாகச் சுருங்கிவிட்டது. ஒரு மாலையில் முடியும்.

மொபைல் கேம் என்பதால் ஒரு சுற்று ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டே ஆகவேண்டும். குகைக் காற்றில் 60 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு உறுமல் வைத்திருந்தால் மீட்டர் அதைக் கணக்கில் சேர்த்து 'போதும்' என்று சொல்லும், ஃபோனில் அது இருக்கவே இருக்காது. ஏற்றி ஏற்றிப் பார்த்தாலும் வராது. இது லெவல் பிரச்சினையே இல்லை, மேலே நடுத்தர அதிர்வெண்ணில் ஏதாவது சேர்த்தால்தான் தீரும்.

அடுத்து எல்லோரும் மறக்கும் விஷயம், இந்த ஃபைல்கள் தனியாக ஒலிக்கப்போவதில்லை. தொடர்பில்லாத இரண்டு சத்தம் சம பலத்தில் சேர்ந்தால் சராசரியாக 3 டிபி ஏறும், பத்துச் சேர்ந்தால் 10 டிபி. ஒரே ஃபைல் ஒரே கணத்தில் இருமுறை ட்ரிக்கர் ஆனால் 6 டிபி. எல்லா ஃபைலும் -1இல் நின்றால், சண்டைக் காட்சியில் மாஸ்டர் (எல்லாம் சேர்ந்த மொத்த வெளியீடு) உச்சத்தில் முட்டி க்ளிப் ஆகாமல் வேறென்ன ஆகும்? குடும்பத்தின் உரத்த ஃபைலுக்கு -6 பீக் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் இருக்கும். 24 பிட்டில் அந்த 6 டிபி இழப்பு ஒரு பொருட்டே இல்லை. சோனியின் ஒலித் தர வழிகாட்டி கேமுக்கு வைத்த இலக்கு வீட்டுக் கன்சோலுக்கு -24, கையடக்கக் கருவிக்கு -18 எல்யூஎஃப்எஸ். அது தனி ஃபைலுக்கான எண் இல்லை, குறைந்தது அரைமணி நேரம் விளையாடி மொத்த ஒலியையும் அளந்து பார்ப்பதற்கான எண். இசைச் செயலிகள் சொல்லும் -14ஐக் காலடிக்குப் போடும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றும்.

வேலை தொடங்கும் முன்னே ப்ரோக்ராமரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கேமுக்குள் வால்யூம் யார் வைக்கிறார்கள்? வைஸ், எஃப்மாட் மாதிரி கேம் ஒலிக்கான மென்பொருள் ஏதாவது பயன்படுத்தினால், குடும்பங்களை நல்ல ஆரோக்கியமான லெவலில் கொடுத்துவிட்டு, கடைசி மிக்ஸை அங்கேயே ஃபேடரில் செய்யலாம். ஃபைலை வெறுமனே ஃபோல்டரில் போட்டு முழு வால்யூமில் ஓட்டப்போகிறார் என்றால், வசனத்தை வைத்து நீங்கள் முடிவுசெய்த லெவலையே ஃபைலுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டில் எது என்று தெரியாமல் நார்மலைஸ் செய்வது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுதான்.

கேம் யூனிட்டி எஞ்சினில் ஓடுகிறது என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். இம்போர்ட் அமைப்பில் மோனோவாக மாற்றச் சொல்லும் டிக் போட்டால், அதன் கீழே நார்மலைஸ் என்று ஒரு டிக் இருக்கும். அது விழுந்திருந்தால் மோனோவாக்கும்போதே ஒவ்வொரு க்ளிப்பையும் அது தனியாக ஏற்றிவிடும். நீங்கள் உட்கார்ந்து கட்டிய குடும்பம் அங்கே கலைந்துபோகும். காலடி, க்ளிக் எல்லாவற்றையும் நீங்களே மோனோவாக எக்ஸ்போர்ட் செய்து கொடுத்தால் இந்த வம்பே இல்லை.

இனி கருவிகள். ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் வைத்திருந்தால் வேலை சுலபம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ரீஜன் (டைம்லைனில் குறித்த பகுதி), ரெண்டர் பெட்டியில் நார்மலைஸ் பட்டன். உள்ளே பீக், ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு இடையே அலை எட்டும் உயரத்தையும் சேர்த்தது), ஆர்எம்எஸ் (சராசரி பலம்), இன்டகிரேட்டட் எல்யூஎஃப்எஸ், மொமென்டரி மேக்ஸ் (400 மில்லி விநாடித் துண்டுகளில் ஆக உரத்தது), ஷார்ட்-டெர்ம் மேக்ஸ் (3 விநாடித் துண்டுகளில் ஆக உரத்தது) என எல்லாம் உண்டு. புதிய பதிப்புகளில் ஒவ்வொரு ஃபைலையும் தனியாகச் செய்வதா, ஆக உரத்த ஃபைலை இலக்குக்குக் கொண்டுவந்து மற்றவற்றுக்கும் அதே கெய்ன் போடுவதா, எல்லாம் சேர்ந்து ஒரே நீள ஃபைல் என்று பாவிப்பதா என்றும் தேர்வு செய்யலாம். காலடி, வாள் போன்ற குடும்பங்களுக்கு இரண்டாவது. வசனத்துக்கு முதலாவது. குட்டைச் சத்தங்களுக்கு மொமென்டரி மேக்ஸ் ஓரளவு நம்பகமானது, ஏனென்றால் ஒரே மாதிரி நீளமுள்ள சத்தங்களுக்குள் ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் பொய் சொல்லும். ஃபைல் எழுதாமல் அளவை மட்டும் காட்டும் ஒத்திகை ரெண்டரும் இருக்கிறது. முதலில் அதை ஓட்டி எண்களைப் பாருங்கள். ஏதோ ஒரு மழை ஃபைலின் பீக் மட்டும் அசாதாரணமாக உயரமாக இருந்தால், கடைசியில் நாற்காலி முனகியது உள்ளே மாட்டியிருக்கும். எனக்கு இரண்டு முறை மாட்டியது.

ஆடாசிட்டியில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. பல ட்ராக்குகளை செலக்ட் செய்து நார்மலைஸ் கொடுத்தால் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகச் சமப்படுத்தும். அதே ட்ராக்குகளுக்கு ஆம்ப்ளிஃபை கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஏற்றும். குடும்பத்துக்கு உங்களுக்கு வேண்டியது ஆம்ப்ளிஃபை. இலவச மென்பொருளில் இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் பழக்கம் உள்ளவர்கள் லவுட்நார்ம் ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஒரே பாஸில் ஓட்டினால் அது வெறும் கெய்ன் போடாது, போகப்போக லெவலை அசைத்துக்கொண்டே இருக்கும். மழை லூப்பின் தொடக்கமும் முடிவும் பொருந்தாமல் போவதற்கு அது போதும். முதல் பாஸில் அளந்து, அந்த எண்களை இரண்டாவது பாஸுக்குக் கொடுத்து, லீனியர் முறையில் (ஃபைல் முழுவதற்கும் ஒரே கெய்ன்) செய்யவேண்டும். அப்போதும் கேட்ட லவுட்னஸுக்கு ஏற்றினால் பீக் எல்லையைத் தாண்டும் என்று தெரிந்தால் சொல்லாமல் பழைய முறைக்கே தாவிவிடும். தவிர, அசைக்கும் முறையில் சாம்பிள் ரேட்டை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொள்வதால், வெளியீட்டு ரேட் 48,000 என்று நீங்களே எழுதவேண்டும். குட்டைச் சத்தக் குடும்பத்துக்கு என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம்: அதிலேயே இருக்கும் வால்யூம்டிடெக்ட் ஃபில்டரால் ஒவ்வொரு ஃபைலின் பீக்கையும் எடுத்து, ஆக உயரமானதைப் பார்த்து, சாதாரண வால்யூம் ஃபில்டரால் எல்லாவற்றுக்கும் ஒரே டிபி போட்டால் முடிந்தது.

எதற்குப் பின் எது என்பதும் முக்கியம். வெட்டுவது, ஃபேட் போடுவது, டிசி ஆஃப்செட் (அலை பூஜ்யத்திலிருந்து விலகி நிற்பது) நீக்குவது, மோனோவாக்குவது, 96இலிருந்து 48க்குச் சாம்பிள் ரேட் இறக்குவது எல்லாம் முதலில். இவை ஒவ்வொன்றும் பீக்கை மாற்றும். நார்மலைஸ் அதற்கடுத்து. 16 பிட்டுக்கு இறக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் எக்ஸ்போர்ட்டையே 16 பிட்டில் சன்னமாகச் செய்துவிட்டுப் பிறகு 30 டிபி ஏற்றினால் ஐந்து பிட் பறிபோய்விடும், மிச்சம் பதினொன்று. 32 பிட் ஃப்ளோட்டில் எக்ஸ்போர்ட் செய்திருந்தால் 0ஐத் தாண்டியதைக்கூட இறக்கி மீட்கலாம்.

ஓஜிஜி ஆக்கப்போகிறீர்கள் என்றால் ட்ரூ பீக் பார்த்து -1க்குக் கீழேயே நில்லுங்கள். சுருக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் மாறி, அலை நீங்கள் வைத்த உயரத்தைத் தாண்டும். லூப்களை எம்பி3 ஆக்கவே ஆக்காதீர்கள். அது முன்னும் பின்னும் ஒட்டவைக்கும் சிறு அமைதி ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழும்.

கடைசியாக, நானே மாட்டிக்கொண்ட இடம். எல்லாம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, 'புல் காலடி ஐந்தில் ஒரு சுள்ளி ஒடியும் சத்தம் இருக்கிறது, எடுத்துக்கொடுங்கள்' என்று ஒரு செய்தி வந்தது. ப்ராஜெக்ட்டைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் சரிசெய்து, பழைய ரெண்டர் அமைப்பிலேயே எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். தனியாக ரெண்டர் ஆனபோது அந்தக் குடும்பத்தில் ஆக உரத்த ஃபைல் அதுவேதான், வேறு யாரும் இல்லையே. இலக்கு வரை ஏறிவிட்டது. கேமில் ஐந்தாவது அடி மட்டும் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் போட்ட கெய்னை ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதிவைக்கிறேன்: புல் காலடி +7.2, சிமெண்ட் +4.5, பட்டன் -3. திருத்தம் வந்தால் நார்மலைஸை அணைத்துவிட்டு, ஷீட்டில் இருக்கும் எண்ணைக் கையால் போட்டு ரெண்டர் செய்கிறேன்.